பக் யார் வீட்டுப் பிள்ளை?

பெங்களூர் அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தார். "தம்பி, இந்தக் கோப்பில் 'கொடி'ன்னு தேடுங்க" என்றார். தேடினேன். ஒன்றும் இல்லை என்றது. "இப்போ மூணாவது வரியைப் படிங்க." மூன்றாவது வரியில் 'கொடி' பளிச்சென்று இருந்தது.

தமிழ்க் கணினிக்காரர்களுக்கு இது பழகிய தலைவலி. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ககரத்துக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறியீடு. இல்லாவிட்டால் 'ெ', 'ா' என்று இரண்டு குறியீடுகள். திரையில் வித்தியாசமே தெரியாது. யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் தேடுகிற நிரல் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் ரகம் என்றால், அதற்கு இவை இரண்டு வேறு சொற்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்னக் கருவியை நாங்கள் மூன்று பேர் பராமரிக்கிறோம். அதன் பழைய பதிப்பு இரண்டாவது விதத்தில் எழுதிக்கொண்டிருந்தது.

"அதைச் சரிபண்ணி ரெண்டு வருஷம் ஆச்சே ஐயா" என்றேன்.

"எனக்கு வரலையே."

வராததற்குக் காரணம் இருந்தது. அவர் வைத்திருந்த லினக்ஸ் டிஸ்ட்ரோவில், அதாவது மென்பொருள்களைத் திரட்டித் தரும் இயங்குதளத் தொகுப்பில் (பெயர் வேண்டாம்), எங்கள் கருவியின் பழைய பதிப்புதான் நிறுவத் தயாரான பேக்கேஜாக இருந்தது. பேரன் உதவியோடு அந்த டிஸ்ட்ரோவின் பக் டிராக்கரில் (பக், அதாவது பிழைகளைப் பதியும் இடம்) புகாரும் போட்டிருக்கிறார். பல மாதம் கழித்து ஒருவர் ஆங்கிலத்தில், "புதிய பதிப்பிலும் இது வருகிறதா?" என்று கேட்டிருக்கிறார். ஐயாவுக்குக் கேள்வி புரியவில்லை. அப்புறம் அந்த வெளியீட்டின் ஆயுள் முடிந்து, புகாரைத் தானியங்கி மூடிவிட்டது. அப்படி ஒரு புகார் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. டிஸ்ட்ரோகாரர்களுக்கு, நாங்கள் எப்போதோ சரிசெய்துவிட்டது தெரியாது.

அன்று மாலையே மூன்று பேரும் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். ஒயிட்ஃபீல்டிலிருந்து வரும் நண்பர், ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வரும் தம்பி, நான். முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எங்கள் கருவியில் பக் என்றால் மக்கள் எங்கே சொல்ல வேண்டும், யார் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்? இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலைக்கு ட்ரையாஜ் என்று பெயர். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வாசலிலேயே ஒரு நர்ஸ் நின்று, யார் உடனே உள்ளே போகணும், யார் பெஞ்சில் உட்காரலாம், யார் வேறு பிரிவுக்குப் போகணும் என்று பார்ப்பாரே, அதே வேலை.

மென்பொருளை எழுதுகிறவர்களை அப்ஸ்ட்ரீம் என்பார்கள். நம் பாஷையில் தலைமடை. அதை வாங்கி, இயங்கும் வடிவில் கட்டிப் பயனரிடம் சேர்க்கும் டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் எல்லாம் நடுவில் இருக்கும் வாய்க்கால்கள். பயனர் கடைமடை. (பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தலைமடை, கடைமடை என்று பேசுவது கொஞ்சம் வம்புதான். அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுகிறேன்.)

முதல் வழி, புகார் முழுவதையும் டிஸ்ட்ரோவே வாங்கிக்கொள்வது. பயனர் டிஸ்ட்ரோவிடம் சொல்வார், பேக்கேஜைப் பராமரிக்கும் டிஸ்ட்ரோ மெயின்டெய்னர் பிரித்துப் பார்ப்பார், அப்ஸ்ட்ரீம் சம்பந்தப்பட்டது என்றால் எங்களுக்கு அனுப்புவார். இதை ஒழுங்காகச் செய்ய டெபியனிடம் நல்ல ஏற்பாடு இருக்கிறது. கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் போதும். 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி, உங்கள் கணினியில் எந்தப் பதிப்பு, எந்தெந்தச் சார்பு பேக்கேஜ்கள் என்பதைத் தானே சேர்த்து அனுப்பும். மெயின்டெய்னர் அப்ஸ்ட்ரீமில் பதிந்துவிட்டு, அந்த முகவரியை 'ஃபார்வர்டட்' என்று குறித்து வைப்பார். 'பிடிஎஸ்-லிங்க்' என்றொரு நிரல் அந்த முகவரிகளை அவ்வப்போது எட்டிப் பார்த்து, அங்கே தீர்ந்திருந்தால் இங்கே அடையாளம் போட்டுவைக்கும்.

இந்த வழிக்கு வலுவான நியாயம், பக் பல சமயம் டிஸ்ட்ரோவிலேயே பிறக்கிறது என்பது. 2006-ல் டெபியனில், மறையாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை கொடுக்கிறதே என்று இரண்டு வரிகளை முடக்கினார். அதற்கு முன் அப்ஸ்ட்ரீம் அஞ்சல் பட்டியலில் கேட்கவும் செய்தார். பிழை தேட உதவும் என்றால் எடுக்கலாம் என்ற பாணியில் பதில் வந்தது. கேட்டவர் ஒன்றை நினைத்துக் கேட்டார், பதில் சொன்னவர் வேறொன்றை நினைத்துச் சொன்னார். அந்த வரிகள்தான் மறையாக்கச் சாவி உருவாக்கத்துக்கு எதேச்சைத்தன்மையை ஊட்டிக்கொண்டிருந்தவை. அவை போனபின் மிஞ்சிய மாறுபாடு நிரலின் செயல்முறை எண் ஒன்றுதான். ஒரே வகைக் கணினியில் ஒரே அளவுச் சாவிக்கு 32,767 சாத்தியங்கள்தான். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும்வரை டெபியன், உபுண்டு கணினிகளில் அந்த ஓபன்எஸ்எஸ்எல் வழியாக உருவாக்கிய சாவிகள் எல்லாம் பலவீனமாகவே இருந்தன. அப்ஸ்ட்ரீமின் மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் இந்த பக் கண்ணில் படாது. அது இருந்தது டெபியனின் பேட்ச்சில், அதாவது அவர்கள் மேலே போட்ட திருத்தத்தில்.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் விவகாரத்திலும் இந்தக் கோணம் உண்டு. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அம்பலப்படுத்திய அந்தப் பின்கதவு, எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் இருந்தது. ஆனால் அது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையைத் தொட முடிந்ததற்குக் காரணம், சில டிஸ்ட்ரோக்கள் சிஸ்டம்டி (சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) அறிவிப்புக்காக ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் சேர்த்திருந்த பேட்ச். அதன் வழியாகத்தான் எக்ஸ்இசட் நூலகம் உள்ளே வந்தது. ஓபன்எஸ்எஸ்ஹெச் எழுதியவர்களிடம் கேட்டால், எங்களுக்கும் அந்த நூலகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட. ஃப்ராய்ண்ட் சந்தேகப்பட ஆரம்பித்தது, டெபியனின் வளர்ச்சிப் பதிப்பான சிட் ஓடும் கணினியில் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி கூடுதலாக எடுத்ததால். அதாவது, டிஸ்ட்ரோ கட்டிய பொருளை வைத்துக்கொண்டிருந்தவர் கண்ணில்தான் பட்டது.

அப்படியென்றால் முதல் வழியே போதுமே என்று தோன்றும். எங்களுக்குப் போதாது. ஒன்று, கால அட்டவணை. ஃபெடோரா சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு விடும், ஒவ்வொன்றுக்கும் 13 மாதம் அளவில் ஆயுள். அது முடிந்ததும் அந்த வெளியீட்டின் மேல் திறந்திருக்கும் பக்குகள் தானாக மூடப்படும். ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, புரிகிறது. இன்னொன்று, மொழி. எங்கள் பயனர்கள் ஆசிரியர்கள், டிடிபி கடைக்காரர்கள், பழைய சிறுபத்திரிகைக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள். அவர்கள் தமிழில் எழுதுவார்கள், இல்லாவிட்டால் தங்கிலீஷில். ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கும் ஒரு மெயின்டெய்னருக்கு 'கொடி' என்ற இரண்டு படங்களை அனுப்பி, "முதலாவது சரி, இரண்டாவது தப்பு" என்றால் அவர் என்ன செய்வார் பாவம்? இரண்டும் ஒரே படம்தானே! தமிழ் தெரிந்த எனக்கே பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

இரண்டாவது வழி நேர் எதிர்: எல்லோரும் நேராக அப்ஸ்ட்ரீமுக்கே வாருங்கள். ஆர்ச் கிட்டத்தட்ட இப்படித்தான். பேக்கேஜ் கட்டியதில் கோளாறு என்றால் எங்களிடம் சொல், மென்பொருளிலேயே கோளாறு என்றால் எழுதியவரிடம் போ என்பார்கள். ஆர்ச்சில் இது நடக்கும். அங்கே பேக்கேஜ்கள் பெரும்பாலும் பேட்ச் இல்லாமல், புதிய பதிப்பாகவே இருக்கும்; பயனர்களும் விவரம் தெரிந்தவர்கள்.

நிலைத்த பதிப்பை வருடக்கணக்கில் ஓட்டும் டிஸ்ட்ரோவில் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைக்காப்பு மென்பொருளின் சண்டையே சாட்சி. அதை எழுதிய ஜேமி ஜாவின்ஸ்கிக்கு, என்றோ தீர்த்த பக்குகளைப் பற்றி மின்னஞ்சல் வந்துகொண்டே இருந்தது. அனுப்பியவர்கள் வைத்திருந்ததோ டிஸ்ட்ரோவின் பழைய பதிப்பு. வெறுத்துப்போய், பதிப்பு மிகப் பழையதானால் திரையிலேயே எச்சரிக்கை வரும்படி எழுதிவைத்தார். 2016-ல் அதை நீக்குவது பற்றி டெபியனில் பேச்சு வந்தபோது, அதற்குப் பதில் பேக்கேஜையே எடுத்துவிடுங்கள் என்றார். நான் அவர் பக்கமும் இல்லை, டெபியன் பக்கமும் இல்லை. நிலைத்த வெளியீட்டில் புதுப் பதிப்பை இஷ்டத்துக்குத் திணிக்காமல் இருப்பதற்காகத்தான் மக்கள் டெபியனை நம்புகிறார்கள். இந்தப் பக்கம், ஒரே பதிலை நூறு முறை எழுதுகிறவனுக்கு எரிச்சல் வரும் என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும்.

எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. ஒரு டிஸ்ட்ரோவின் பயனர் நேராக எங்களிடம் வந்தார். அதே 'கொ' பிரச்சினை, ஆனால் புதிய பதிப்பில். எங்கள் மூன்று கணினியிலும் வரவில்லை. இரண்டு சனிக்கிழமை தலையைப் பிய்த்துக்கொண்டோம். ஓசூர் தம்பி எதற்கும் பார்ப்போமே என்று அந்த டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் கட்டும் கோப்பைத் திறந்தான். குறியீடுகளை ஒன்றாக்கித் தரும் நூலகம் எங்கள் கருவிக்குக் கட்டாயமில்லை, இருந்தால் எடுத்துக்கொள்ளும் என்று நாங்கள்தான் எழுதிவைத்திருந்தோம். பேக்கேஜ் சின்னதாக இருக்கட்டும் என்று அவர்கள் அதை அணைத்துவிட்டுக் கட்டியிருந்தார்கள். யார் தப்பு? அந்த நூலகம் இல்லாவிட்டால் கருவி கட்டவே மறுக்க வேண்டும் என்று நாங்கள் எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதிவிட்டோம். பதிப்பு எண்ணைக் கேட்டால் கூடவே எந்த நூலகங்களோடு கட்டப்பட்டது என்றும் அச்சிடச் செய்துவிட்டோம். அந்த ஒரு வரி எங்களுக்கு மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாவது, உபுண்டுவின் டிராக்கரான லாஞ்ச்பேட் மாதிரி ஒரே பக் எண்ணுக்குள் எல்லோரையும் சேர்ப்பது. ஒரு பக்கைத் திறந்து, இது இந்த அப்ஸ்ட்ரீமையும் பாதிக்கிறது, அந்த டிஸ்ட்ரோவையும் பாதிக்கிறது என்று தனித்தனி வரியாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு வரிக்கும் தனி நிலை. இங்கே தீர்ந்தது, அங்கே இன்னும் இல்லை என்று ஒரே பார்வையில் தெரியும். கருத்தாகப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும்விட அழகானது. எனக்கு மனசார ஆசை. ஆனால் அதற்கு எல்லோரும் ஒரே கூரைக்குள் வரவேண்டும், அது நடக்கவில்லை. 2018-ல் க்னோம் என்ற டெஸ்க்டாப் திட்டம் பக்ஸில்லா டிராக்கரை விட்டு கிட்லாபுக்குப் போனது. இன்னொரு டெஸ்க்டாப் திட்டமான கேடிஈ இன்னும் பக்ஸில்லாவில் இருக்கிறது. ஆர்ச் 2023-ல் கிட்லாபுக்கு மாறியது. டெபியன் மின்னஞ்சலை விடாது. வெளி டிராக்கரின் நிலையை லாஞ்ச்பேட் எட்டிப் பார்த்துச் சொல்லும், பெரும்பாலும் அவ்வளவுதான். அங்கே இருப்பவரோடு எல்லா இடத்திலும் உரையாட வைக்காது. மூன்று பேர் நடத்தும் கருவிக்கு இது கல்யாண மண்டபம் பிடித்துக் காதுகுத்து வைப்பது போல.

நான்காவதை நண்பர் ரொம்ப அழுத்திச் சொன்னார்: டிஸ்ட்ரோவே வேண்டாம், எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் ஃப்ளாட்பேக் பொதியாக நாமே கட்டிக் கொடுத்துவிடுவோம், பயனர் கையில் நாம் கட்டியதே இருக்கும், புகாரும் நமக்கே வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் ஃப்ளாட்பேக் போட்டால் மற்றவர்கள் போடாமல் இருப்பார்களா? 2025 பிப்ரவரியில், திரையைப் பதிவுசெய்யும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோகாரர்களுக்கு வந்தது இந்தச் சிக்கல்தான். அவர்கள் அதிகாரபூர்வ ஃப்ளாட்பேக் வைத்திருக்க, ஃபெடோரா தனியாக ஒன்று கட்டியிருந்தது. அதில் கோளாறு, பயனர்கள் இது ஓபிஎஸ் செய்ததுதான் என்று நினைத்து அவர்களிடம் வந்தார்கள். எங்கள் பெயரை எடுங்கள், இல்லையென்றால் சட்டப்படி பார்ப்போம் என்று சொல்லுமளவுக்குப் போய், பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள். தவிர, எங்கள் கருவி முனையத்தில் ஓடுவது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாற்பது கணினிக்கு நிறுவுகிறவர், டிஸ்ட்ரோவின் பேக்கேஜைத்தான் நம்புவார். நண்பரின் யோசனை தேநீரோடு கரைந்தது.

இப்படிப் பேசிக்கொண்டே போனபோது ஒன்று கவனித்தேன். நாங்கள் டிராக்கரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஆசிரியரின் புகார் செத்ததற்கு டிராக்கர் காரணமில்லை. "புதிய பதிப்பிலும் வருகிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல்தான் செத்தது. பக்கைத் தீர்க்க நிரல் தெரிந்தவர் கிடைப்பார். அந்தக் கணினியை வைத்துக்கொண்டு, அந்தக் கோப்பைத் திறந்து, நாம் கேட்பதைச் செய்து பார்த்துச் சொல்கிற மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். அவரை இன்னொரு கவுன்டருக்குப் போங்க, இன்னொரு கணக்கு தொடங்குங்க என்று அனுப்பினால், பத்தில் எட்டுப் பேர் திரும்ப வரமாட்டார்கள் என்பது என் மதிப்பீடு. அனுபவத்தில் சொல்கிறேன், எண்ணிப் பார்க்கவில்லை.

அதனால் நாங்கள் எடுத்த முடிவு இது. பயனர் எங்கே வேண்டுமானாலும் சொல்லட்டும். டிஸ்ட்ரோவில் சொன்னால் பக் அங்கேயே இருக்கட்டும். நாங்கள் அங்கே போவோம். டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரு பேக்கேஜுக்கு வரும் பக் அறிவிப்புகளுக்கு யார் வேண்டுமானாலும் சந்தா சேரலாம், எழுதியவர்கள் சேரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நேராக எங்களிடம், வாட்ஸ்அப்பிலோ போனிலோ, தமிழில் சொன்னால் நாங்களே பைட்டுகளைப் பிரித்துப் பார்த்து, டிஸ்ட்ரோ சம்பந்தப்பட்டது என்று தெரிந்தால் ஆங்கிலத்தில் அங்கே பதிவோம். அலைவது பயனரில்லை, நாங்கள். பாதுகாப்புக் கோளாறு மட்டும் விதிவிலக்கு. அதைப் பொதுவெளியில் போடக் கூடாது. பல டிஸ்ட்ரோக்களின் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஒரே நேரத்தில் சொல்ல ஒரு மூடிய பட்டியல் உண்டு, அதிகபட்சம் 14 நாள் ரகசியம் காப்பார்கள். எங்கள் கருவிக்கு அது தேவைப்படும் நாள் வரவேண்டாம்.

இதற்கு விலை உண்டு. வாரம் ஒருவர் முறைவைத்து, சனிக்கிழமை ஒரு மணி நேரம், நான்கு டிராக்கர்களைச் சுற்றி வரவேண்டும். போன மாதம் என் முறை வந்தபோது நான் ஊருக்குப் போய்விட்டேன். ஒன்றும் குடிமுழுகவில்லை, ஆனால் இரண்டு கேள்விகள் பதிலில்லாமல் கிடந்தன. தவிர, இந்த வழி பெரிய திட்டங்களுக்கு ஒத்துவராது. கேடிஈ அளவுக்கு ஒன்று நடத்தினால், மென்பொருள் முடங்கினால் தானே விவரம் திரட்டி அனுப்பும் கருவியோடு இரண்டாவது வழிக்குத்தான் நானும் போவேன். கருவியே இல்லை, மற்றவர்கள் பயன்படுத்தும் நூலகம் மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முதல் வழி. நூலகத்தின் பெயர்கூடப் பயனருக்குத் தெரியாது, உங்களை எப்படித் தேடி வருவார்?

டிஸ்ட்ரோ மெயின்டெய்னர்களுக்கும் எங்களால் ஒரு சின்ன உபகாரம். டெபியன் பேட்ச்சுகளின் தலைப்பில் 'ஃபார்வர்டட்' என்று ஒரு வரி எழுதலாம். இந்த பேட்ச் அப்ஸ்ட்ரீமுக்குப் போனதா, இல்லையா, எங்கே போனது என்று அதில் இருக்கும். சந்தா சேர்ந்த முதல் வாரமே எங்கள் கருவியின் மேல் மூன்று டிஸ்ட்ரோக்களில் சேர்த்து ஐந்து பேட்ச்சுகள் இருப்பதைப் பார்த்தோம். ஒன்றைப் பற்றிக்கூட எங்களுக்குத் தகவல் இல்லை. இரண்டு அருமையானவை, உடனே எடுத்துக்கொண்டோம். ஒன்று, நாங்கள் பழைய பதிப்பில் போட்டிருந்த எழுத்துப்பிழையைத் திருத்தியது. தமிழ் எழுத்துப்பிழை! தமிழ் தெரியாத ஒருவர் திருத்தியிருக்கிறார்.

பழைய புகார்களையும் தோண்டினோம். நான்கு வருடமாகத் திறந்து கிடந்த ஒன்றைக் காட்டி நான் நொந்துகொண்டபோது, நண்பர் ஏரிப் பக்கம், திருவள்ளுவர் சிலை இருக்கும் திசையில் கையைக் காட்டினார். "அந்த வள்ளுவர் 91-லிருந்து 2009 வரைக்கும் மூடியே நின்னாரு, பதினெட்டு வருஷம். உன் பக்குக்கு இன்னும் டைம் இருக்கு."

ஆசிரியர் விஷயம். அவருடைய டிஸ்ட்ரோவின் நிலைத்த வெளியீட்டுக்குப் புதுப் பதிப்பு போகாது, ஆனால் சிறிய பேட்ச் போகலாம். ஏழு வரி பேட்ச்சாகப் பிரித்து, இரண்டு 'கொ'க்களின் பைட்டுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, மெயின்டெய்னருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் சோதிக்கும்படி ஒரு சின்னச் சோதனைக் கோப்பும் வைத்து அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது: புதிதாகக் கட்டிய பேக்கேஜை அந்தப் பயனரே ஒரு முறை ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா?

அன்றைக்கே ஐயாவுக்குப் போன் செய்தேன். "ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு மெஷினை எடுத்துட்டு வர்றேன் தம்பி" என்றார். "'கொடி' மட்டும் பார்த்தா போதுமா? 'கோவில்', 'கௌமாரம்' எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துடலாமே?"

'கௌ'வை நாங்கள் சோதிக்கவே இல்லை.